தோப்புக்குள் சொல்லாத பேர்

எங்கள் வீட்டு உப்புக் கிண்ணம் கடையில் வாங்கியது அல்ல; மின்சாரக் கம்பத்திலிருந்து விழுந்தது. கம்பியைத் தாங்குவதற்காகக் கம்பத்தின் உச்சியில் கவிழ்த்து வைப்பார்களே, அந்தப் பழுப்புப் பீங்கான்தான். அதை நிமிர்த்தி, உருளாமல் இருக்கக் களிமண் குழைத்து, அடுப்பு மேடையின் ஓரத்தில் பதித்து வைத்தவள் என் மாமியார். நடுக்குழியில் கல்லுப்பு, சுற்றியிருக்கும் பள்ளத்தில் காய்ந்த மிளகாய். விளிம்பில் ஒரு விரிசல் ஓடுகிறது, அதன் ஓரம் முழுக்கக் கறுத்துக் கிடக்கும். எவ்வளவு புளி போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கறுப்பு போகாது, நான் தேய்த்துப் பார்த்திருக்கிறேன். மண் அடுப்பு போய் மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது, அதுவும் போய் கேஸ் வந்தது. மேடையை இடித்துக் கட்டிய ஒவ்வொரு முறையும் அந்தக் கிண்ணத்துக்கு இடம் விடச் சொல்லிக் கொத்தனாரோடு மல்லுக்கு நின்றவள் நான். ஒரு காலத்தில் அதிலிருந்து ஒரு கல் உப்புகூட எடுக்க மாட்டேன் என்று வீம்பு பிடித்தவளும் நானேதான்.

முப்பதுகளின் தொடக்கத்தில் நான் காலடிப்பேட்டைக்கு மருமகளாக வந்தேன். மாமியாரை அத்தை என்று கூப்பிடுவேன். அவள் சருகுக்காரி. திருவொற்றியூரைத் தாண்டி கத்திவாக்கம் போகிற வழியில் அப்போது கடலோரமெல்லாம் சவுக்குத் தோப்புகள். அந்தச் சவுக்குச் சருகை வாரிக் கட்டித் தலையில் சுமந்து வந்து அடுப்பெரிக்க விற்கிற பெண்களுக்கு அத்தைதான் தலைவி. யாரும் அவளைத் தலைவி ஆக்கவில்லை. அவள் வாய்க்குப் பயந்து மற்றவர்கள் பின்னால் நடந்தார்கள், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் மின்சாரக் கம்பெனியில் கம்பி வேலை பார்த்தார். காக்கி அரைக்கால் சட்டை, இடுப்பில் தோல் வார், தோளில் கயிறு. தெருவில் எங்கள் வீட்டுக்குக் 'கரண்டுக்காரர் வூடு' என்று பேர். அந்தக் கரண்டுக்காரர் வீட்டில் எரிந்தது சிம்னி விளக்கு. அதைச் சொல்லி நான் கேலி செய்தால் அத்தை, "சாராயக் கடைக்காரன் பொண்டாட்டி அல்லாம் குடிச்சிகினா கீறா?" என்பாள்.

புதிதில் அவர்களோடு தோப்புக்குப் போனபோது எனக்கு முதலில் கற்றுக் கொடுக்கப்பட்டது சருகு வாருவதல்ல, பேச்சு. இருட்டியபிறகு பாம்பைப் பாம்பு என்று சொல்லாமல் பூச்சி என்கிறோம். அம்மை போட்டால் ஆத்தா வந்திருக்கிறாள் என்கிறோம். அது மாதிரி, சருகு காய்ந்து கிடக்கும் தோப்புக்குள் நெருப்பு என்ற பேரைச் சொல்லக் கூடாது. சொன்னால் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடுமாம். அங்கே அதற்குப் பேர் பூ. தீப்பெட்டி பூப்பொட்டி. எவளாவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் ஒரு பிடி மணலை அள்ளித் தலையைச் சுற்றிப் போட வேண்டும். நான் வந்த புதிதில் என் தலையில் எப்போதும் மணல் இருந்தது. மணல் அரித்த தலையோடு வீட்டுக்கு வந்து, இந்தக் கிழவிகளின் பைத்தியக்காரத்தனம் என்று அவரிடம் முறையிடுவேன். அவர் சிரிப்பார். அந்தப் பேச்சிலேயே வளர்ந்தவர் அவர்.

பேச்சில் மட்டும்தான் ஜாக்கிரதை என்று நினைத்துவிடக் கூடாது. பங்குனி பிறப்பதற்கு முன்னால் தோப்பைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, நடுநடுவே சருகு துளியும் இல்லாமல் வெறும் மணல் தெரிகிற மாதிரி சந்து பெருக்கி விடுவார்கள். ஒரு பாத்தியில் பூ பூத்தால் அடுத்ததற்குத் தாவக் கூடாது என்பதற்காக. தோப்புக்காரர் இவர்களைச் சருகு வார விட்டதே இந்த வேலைக்காகத்தான். ஆனால் எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலைக்காகத் தோப்பின் நடுவே கம்பெனி கம்பி இழுத்தபிறகு, கம்பிக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது என்று கம்பெனி ஓவர்சியரின் உத்தரவு வந்துவிட்டது. மண்டை ஓடு வரைந்த பலகையைக் கம்பத்துக்குக் கம்பம் அடித்து வைத்தார்கள். அத்தை அதைப் பார்த்து, "இது யாரு, ஓவர்சியர் மச்சானா?" என்று கேட்டாள். பெண்கள் சிரித்தாலும் உத்தரவுக்குக் கட்டுப்பட்டார்கள். தோப்பு முழுக்கச் சுத்தமாக இருக்க, கம்பிக்கு நேர் கீழே மட்டும் சருகு முழங்கால் உயரத்துக்குச் சேர்ந்தது.

மாசிக் கடைசியில் காற்று திரும்பியதும் கம்பி ஆட ஆரம்பித்தது. சவுக்குக் கிளை அதை உரசும்போதெல்லாம் பட் பட்டென்று பொறி பறந்து உதிர்ந்தது. நானும் கண்ணால் பார்த்தேன். பகல் வெயிலில் அது பெரிதாகத் தெரியாது. சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்து பார்ப்போம். ஒரு நாள் ஓவர்சியர் ஆட்களோடு கம்பத்தைப் பார்வையிட வந்தார். அந்த ஆட்களில் என் வீட்டுக்காரரும் இருந்தார். அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எதிரே போய் நின்றாள். "நைனா, ஒங்க கம்பி பூ கொட்டுது. இன்னா செய்யணுமோ செஞ்சுட்டுப் போங்க" என்றாள்.

ஓவர்சியர் நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். சவுக்கும் பூக்கும், தவிட்டு நிறத்தில் துளித் துளியாய்க் கொட்டும். "பூ கொட்டினால் பெருக்கி எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானே அம்மா, அதற்குத்தானே வருகிறீர்கள்?" என்றார். அவரோடு வந்த ஆட்கள் சிரித்தார்கள். அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் தோப்புக்குள் நின்றுகொண்டு அந்தப் பேரை எப்படிச் சொல்வாள்? கையை நீட்டிக் கம்பியைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். எனக்குக்கூட உள்ளுக்குள் சிரிப்பாகத்தான் இருந்தது. அன்று மாலை என் வீட்டுக்காரர் வந்ததும் அத்தை சிடுசிடுத்தாள். அவர் காலைக் கழுவிக்கொண்டே, "திரும்பி வரச்சே அவராண்ட சொல்லிட்டேம்மா. எங்கம்மா பூன்னு சொன்னது நெருப்பத்தான்னு. பாக்கலாம்னாரு" என்றார். ஆபீசில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் மூன்று பேருக்குமே அப்போது தெரியவில்லை.

சித்திரையில் ஒரு நடுப்பகலில் தோப்பு பிடித்துக்கொண்டது. நான் பெண்களுக்குக் கூழ் கொண்டுபோயிருந்தேன். அப்போது எனக்கு மாசம் ஆறு. எதிர்வீட்டு அக்கா, புருஷன் கப்பலுக்குப் போய்த் திரும்பி வராதவள், கம்பிக்குப் பக்கத்துச் சந்தில் தன் சருகுக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தாள். கூழ்க் கலயத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தாள். காற்று ஒரு முறை வேகமாக அடித்தது. கம்பி கிளையில் சிக்கி அறுந்த சத்தம் கேட்டது, அடுத்த நிமிஷம் கம்பிக்குக் கீழே இருந்த சருகு முழுக்க ஒரே கோடாக எரிந்தது. பெருக்கி விட்ட சந்துகள் இல்லையென்றால் நாங்கள் யாரும் பிழைத்திருக்க மாட்டோம். அக்கா தன் கட்டுகளை இழுக்கப் போய் இரண்டு கையையும் வேகவிட்டுக்கொண்டாள். நாங்கள் ஓடியபோது அத்தை வாயில் அடித்துக்கொண்டே ஓடினாள், ஆனால் அப்போதும் அந்தப் பேரைச் சொல்லவில்லை. "பூ, பூ" என்றுதான் கத்தினாள். அந்தக் குரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

தோப்பின் நடுப்பகுதி சாம்பலானபிறகு பழி யார் தலையில் என்ற கேள்வி வந்தது. கம்பெனி ஆட்கள் சாம்பலில் ஒரு மண் கலயத்தைக் கண்டெடுத்தார்கள். எதிர்வீட்டு அக்கா அங்கே அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினாள், அதிலிருந்துதான் பற்றியது, எரிந்த மரம் சாய்ந்துதான் கம்பி அறுந்தது என்றார்கள். அது நான் கொண்டுபோன கலயம். ஆஸ்பத்திரியில் கை இரண்டிலும் கட்டோடு கிடந்த அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரரை உட்கார்த்தி வைத்தார்கள். விசாரணையில் குற்றம் என்று ஆகிவிட்டால், கட்டு அவிழ்த்த கையில் விலங்கு என்று பேசிக்கொண்டார்கள். தோப்புக்காரரும் இனிமேல் சருகுக்காரிகள் தோப்பு மண்ணை மிதிக்கக் கூடாது என்றுவிட்டார்.

விசாரணைக்கு முந்தின மாலை என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். தான் ஓவர்சியரிடம் சொன்னதை எழுந்து சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அக்கா ஜெயிலுக்குப் போவாள். அத்தை அவர் முன்னால் தட்டை வைத்து, "நீ வாயத் தொறக்காத. வயித்துப் புள்ளக்காரிய வெச்சிகினு வேலைய வுட்டுட்டு இன்னா பண்ணுவ? நான் பேசிக்கிறேன். அது என் பாடு" என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எதிர்வீட்டு அக்காவை நான் ஒரு கணம்கூட நினைக்கவில்லை.

திருவொற்றியூரில் ஒரு சத்திரத்துக் கூடத்தில் விசாரணை நடந்தது. அரசாங்க அதிகாரி மேஜைக்குப் பின்னால். ஒரு பக்கம் கம்பெனி வக்கீல், ஓவர்சியர், காக்கி உடுப்பில் கம்பி ஆட்கள். இன்னொரு பக்கம் தரையில் நாங்கள். வக்கீல் முதலில் கலயத்தைத் தூக்கிக் காட்டினார். அத்தை எழுந்து, "அது கூழுக் கலயம் சாமி. கூழ யாருனா சுட வெச்சுக் குடிப்பாங்களா? ஒங்க ஊர்ல கீதா அந்த மாதிரி?" என்றாள். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. வக்கீல் கலயத்தைக் கீழே வைத்துவிட்டார். ஆனால் அவர் லேசுப்பட்டவர் இல்லை. கம்பியில் பழுது இருந்ததாகவே வைத்துக்கொள்வோம், அது கம்பெனிக்கு முன்னமே தெரியுமா என்று ஆரம்பித்தார். தெரிந்தும் சும்மா இருந்தால்தான் கம்பெனி பொறுப்பு. தெரியாததற்கு எப்படிப் பொறுப்பாகும்? இந்த அம்மாள் ஓவர்சியரிடம் சொன்னது என்ன? பூ கொட்டுகிறது என்று. பூ கொட்டுவது பழுதா?

"எங்க பாஷைல அதாஞ் சாமி அது" என்றாள் அத்தை. "ஏன் அம்மா, நெருப்பு என்று ஒரு வார்த்தை தமிழில் இல்லையா?" என்றார் வக்கீல். தோப்புக்குள் ஏன் அதைச் சொல்ல மாட்டோம் என்று அத்தை விளக்கினாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். வக்கீல், "உங்கள் பெண்களுக்குள் வைத்துக்கொண்ட ரகசியப் பேச்சு கம்பெனிக்கு எப்படிப் புரியும்?" என்று கேட்டார். இத்தனை வருஷம் கழித்து யோசிக்கும்போது அது நியாயமான கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்று அந்த ஆளின் நாக்கு அழுக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஓவர்சியரைக் கேட்டார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, பூ என்று மட்டும்தான் தன் காதில் விழுந்தது, வேறு யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார். பிள்ளைகுட்டிக்காரர். அவரை நான் இப்போது வெறுப்பதில்லை.

அப்போது அதிகாரி அத்தையைப் பார்த்து நேராகக் கேட்டார். "இந்தப் பேச்சு புரிகிறவர் கம்பெனியில் யாராவது இருக்கிறாரா?"

அத்தை கம்பி ஆட்கள் நின்ற பக்கம் ஒரு தடவை திரும்பினாள். நானும் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். இல்லை என்று சொல்லிவிடு அத்தை என்று என் வாய் முணுமுணுத்தது. அவள் அதிகாரியிடம் திரும்பினாள். "ஒருத்தன் கீறான் சாமி. அதோ நிக்கிறான். அவன் என் வயித்துல பொறந்தவன்."

அவர் முன்னால் வந்தார். குனிந்த தலையை நிமிர்த்தினார். அன்றைக்கே ஓவர்சியரிடம் சொன்னதை, எந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே சொன்னேன் என்பதுவரை சொன்னார். ஓவர்சியர் மறுக்கவில்லை, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பழுது கம்பெனியுடையது என்று முடிவானது. எதிர்வீட்டு அக்காவின் கட்டிலிலிருந்து போலீஸ்காரர் எழுந்து போனார். கம்பிக்கு இரு பக்கமும் மரத்தை வெட்டி வெளி விட வேண்டும், கோடைக்கு முன்னால் கரண்டை நிறுத்திக் கீழே கிடக்கும் சருகைப் பெருக்க வேண்டும், அந்த வேலையைச் சருகுக்காரிகளுக்கே கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதைக் கேட்டுத் தோப்புக்காரரும் இறங்கி வந்தார். அடுத்த மாசம் ஆள் அதிகம் என்று சொல்லி என் வீட்டுக்காரரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆள் அதிகம் என்று அனுப்பப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

தெருவில் பாதிப் பேர் எங்களைக் கொண்டாடினார்கள், பாதிப் பேர் காறித் துப்பினார்கள். கம்பெனி உப்பைத் தின்றுவிட்டு அதற்கே துரோகம் பண்ணிவிட்டான் என்று என் அம்மா வீட்டாரே பேசினார்கள். அது அத்தையின் காதுக்கு எட்டியது. தோப்புச் சாம்பலிலிருந்து அவள் எடுத்து வந்து மூலையில் போட்டிருந்த அந்தப் பீங்கானை அன்றுதான் கழுவி, மேடையில் பதித்து, உப்பைக் கொட்டினாள். "கம்பெனி உப்பாமே? இந்தா, கம்பெனிக் கிண்ணத்துலயே கீது. வந்து துன்னச் சொல்லு" என்று வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைத்தாய்ச்சி நான், வீட்டில் சம்பளம் இல்லை, பெற்ற பிள்ளையைக் கூட்டத்தின் நடுவே காட்டிக் கொடுத்தவள் உப்பில் விளையாடுகிறாள். நான் தனியாக ஒரு கொட்டாங்கச்சியில் உப்பு வைத்துக்கொண்டேன். அவளோடு பேசுவதையும் நிறுத்திவிட்டேன். அவள் அதைக் கவனிக்காத மாதிரியே இருந்தாள், அதனால் எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது.

பிரசவம் ஆன மறுநாள் எதிர்வீட்டு அக்கா குழந்தையைப் பார்க்க வந்தாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மடங்கியே இருந்தன. குழந்தையைத் தூக்க முடியாமல், என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து ஏந்திக் காட்டினாள். நான் குழந்தையை அந்தக் கைகளின் மேல் வைத்தேன். இந்தக் கையிலா விலங்கு மாட்டியிருப்பார்கள் என்று நினைத்ததும் எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அக்கா, பிள்ளை பெற்றவள் அழக் கூடாது என்று என்னை அதட்டினாள். எழுந்து நடமாடத் தொடங்கிய முதல் நாள் சோறு பொங்கும்போது நான் அந்தப் பீங்கானில் கை விட்டு உப்பை எடுத்தேன். அத்தை சருகு ஒடித்துக்கொண்டிருந்தாள். பார்த்தாள். "பாத்துப் போடு, கரிக்கப் போவுது" என்றாள்.

ஏன் அப்படிச் செய்தாள் என்று பல வருஷம் கழித்துத்தான் கேட்டேன். முந்தின நாள் வாயைத் திறக்காதே என்றவள் மறுநாள் ஏன் அவரைக் கை காட்டினாள்? அவள் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னாள். "அவன் தலையக் குனிஞ்சிகினு நின்னான்மே. எனக்குத் தாங்கல. நான் கூப்ட்டா நிமிந்து வருவான்னு தெரியும். அதான் கூப்ட்டேன்." அவள் நினைத்தது நடந்தது. ராயபுரத்தில் ஒரு மரவாடியில் மரம் தூக்கிக் கடைசிவரை காலம் தள்ளினார் அவர். தெருவில் நடந்தால் கண் கம்பத்துக்குத்தான் போகும். எந்தக் கம்பி தொய்ந்திருக்கிறது, எந்தக் கிளை உரசுகிறது என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு வருவார். ஆனால் எவர் முன்னாலும் குனிந்து நின்று நான் பார்த்ததில்லை.

அத்தையும் ஒரு பழக்கத்தை மாற்றினாள். அடுத்த பங்குனியில் கம்பிக்குக் கீழே பெருக்கப் போனபோது பெண்களைக் கூட்டி வைத்து, தோப்புக்குள்ளே பழைய பேச்சுத்தான், ஆனால் கம்பிக்குக் கீழே நின்றால் பேரைச் சொல்லியே ஆக வேண்டும் என்றாள். பெண்கள் தயங்கினார்கள். "கம்பி இன்னா நம்ம ஆத்தாவா, மரியாதையாக் கூப்ட? அதுக்கு நம்ம பாஷை தெரியாது. ஒயுங்கா நெருப்புன்னு சொல்லு, சத்தமாச் சொல்லு" என்று அதட்டினாள். முதலில் அவளே சொன்னாள். சொல்லிவிட்டு, பழக்கம் விடுமா, ஒரு பிடி மணலையும் அள்ளித் தலையைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.

போன கோடையில் எங்கள் சந்தில் வேப்பங்கிளை ஒன்று கம்பியில் சாய்ந்து பொறி பறந்தது. கீழே ஒரு வண்டி வைக்கோல் இறக்கியிருந்தார்கள். முனைக் கடையில் இருக்கும் டெலிபோனில் மின்சார ஆபீசைக் கூப்பிட்டேன். "கம்பில பூ கொட்டுதுப்பா" என்றுதான் முதலில் வாயில் வந்தது. "பூவா? என்ன பூ பாட்டி?" என்றது எதிர்க் குரல். ஒரு கணம் எனக்குத் தோப்பு வாடை அடித்தது. பிறகு கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி, "நெருப்பு. கம்பியில நெருப்பு கொட்டுது. காலடிப்பேட்டையிலேர்ந்து நான் சொல்றேன், என் பேர எழுதிக்கோ" என்றேன்.

பொழுது சாய்வதற்குள் வந்து கிளையை வெட்டிவிட்டார்கள். வேலை முடிந்ததும் அவர்களில் ஒரு பையன் குடிக்கத் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தான். செம்பை வாயில் கவிழ்த்தவன் மேடையோரம் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்தினான். "இன்னா பாட்டி, எங்க ஆபீஸ் சாமானைக் கொண்டாந்து உப்பு வெச்சிகினு கீற?" என்று சிரித்தான்.

"ஒங்க ஆபீசுதுதான் நைனா" என்றேன். "அதுக்கு எங்க வூட்ல வெல குடுத்தாச்சு."